ஒற்றைக்கை ஸ்பேனர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் மாமா எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, நலமாக இருப்பவன் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்க மாட்டான். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். இடது கை இன்னும் முழுசாகப் பழகவில்லை, ஒரு பக்கம் முடிப்பதற்குள் தோள் வலி எடுத்துவிடுகிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் பேச்சை எடுத்தாலே "சரி மாமா, வச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படித்துத்தானே ஆக வேண்டும்.

நீ அனுப்பிய ஸ்பேனர் விளம்பரத்தாள் வந்து சேர்ந்தது. "ஒரே கையால் எந்த நட்டையும் கழற்றலாம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான். கூடவே நீ எழுதிய அரைப் பக்கம். இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்திருக்கிறாயாம். இந்த ஸ்பேனரை எனக்கு வாங்கி அனுப்பிவிட்டால் உன் மனசு கொஞ்சம் ஆறுமாம். அதற்கப்புறம் எங்கள் முகத்தில் முழிக்கவே மாட்டாயாம். வாங்கட்டுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க என்கிறாய். நல்லா இருக்குடா கதை. என் மூன்று விரலுக்கு ஈடாக ஒரு ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு உறவை அறுத்துக்கொள்ளப் பார்க்கிறாய்.

இருந்தாலும் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமே என்று இரும்புக்கடைக்காரரிடம் போனேன். அவர் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நகை மாதிரி வைத்திருக்கிறார். வருகிறவர்கள் விலையைக் கேட்பார்களாம், உடனே சாதா ஸ்பேனர் எடுத்துக் காட்டுங்க என்பார்களாம். பழகின மனுஷன் என்பதால், அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி எனக்கு மூன்று நாள் இரவல் கொடுத்தார்.

உள்ளதைச் சொல்கிறேன், சாமான் நல்ல சாமான்தான். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் வாய் தானே மூடி நட்டைக் கவ்விக்கொள்கிறது. எடுத்து எடுத்து மாட்ட வேண்டியதில்லை, பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். பிடியில் ஒரு சின்ன விளக்கு வேறு. கீழே விழுந்த வாஷரைத் தேட அது உதவியது. ஒரு தண்ணீர் பம்பின் மூடியை இடது கையாலேயே, யாரையும் கூப்பிடாமல் கழற்றி வைத்தேன். விரல் போன பிறகு நான் தனியாக முடித்த முதல் வேலை அதுதான். அன்றைக்கு எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

இரண்டாம் நாள் சாயம் வெளுத்தது. கிரீஸ் பட்டதும் வாய் வழுக்கியது. துருப்பிடித்த நட்டு ஒன்று வந்தது, கடகடவென்று சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு நின்றது. மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் அதன் தலை நுழையவே இல்லை. போகட்டும், அதையெல்லாம் சமாளித்துவிடலாம். நட்டைத் திருப்பினால் பின்னால் போல்ட்டும் சேர்ந்து சுற்றுகிறதே, அதற்கு என்ன செய்வது? அந்தப் பக்கம் ஒருவன் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே கையால் எந்த நட்டையும் கழற்றலாம் என்று அச்சடித்தவன் ஜென்மத்தில் ஒரு பம்பைக் கழற்றியிருக்க மாட்டான். யானை விலை கொடுத்து வாங்கினாலும் கடைசியில் ஆள் தேடித்தான் ஓட வேண்டும். ஆகையால் வாங்காதே. ஸ்பேனரைப் பற்றிய பதில் இவ்வளவுதான்.

ஆனால் என்னை உலுக்கியது உன் கடிதத்தின் கடைசி நாலு வரி. காது டாக்டரிடம் போய்ச் சோதித்துப் பார்த்தாயாம். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது, ஒரு குறையும் இல்லை என்று அவர் எழுதியே கொடுத்தாராம். "அவருக்கு என்ன மாமா தெரியும், அன்னைக்கு என் காது தப்பாத்தானே கேட்டுச்சு" என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் மோட்டார் வேலையையே விட்டுவிட்டு ஏதோ கிடங்கில் பெட்டி தூக்குகிறாயாம், சுவிட்ச் பக்கமே போவதில்லையாம். இதைப் படித்துவிட்டுப் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தவன்தான், வாசலில் வாடிக்கைக்காரர் வந்து கூப்பிட்ட பிறகும் எழுந்திருக்க முடியவில்லை.

இனி எழுதுவதை நிதானமாகப் படி. நம் வழக்கம் உனக்குத் தெரியும். பெல்ட் பக்கம் ஒருவர், சுவிட்ச் பக்கம் ஒருவர். நடுவில் மோட்டார் மறைப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சுவிட்சில் இருப்பவன் "போடட்டுமா?" என்று கேட்க வேண்டும். பெல்ட்டில் கை வைத்திருப்பவன் "போடு" என்றால்தான் போட வேண்டும். பத்து வருஷமாக அப்படித்தான் செய்தோம். அன்றைக்கும் நீ கேட்டாய். நான் "இரு" என்றேன், நீயும் இருந்தாய். பெல்ட் சரியாக உட்காரவில்லை என்று நான் விரலை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது என் தலைக்குப் பின்னால் இருக்கிற சமையலறை ஜன்னலில் இருந்து உன் அக்கா கேட்டாள், "டீ போடட்டுமா?" என்று. நான் நிமிரக்கூட இல்லை. "போடு" என்றேன்.

பக்கத்து வெல்டிங் கடைச் சத்தத்தில் நீ நின்ற இடத்துக்கு அவள் குரல் எட்டியிருக்காது. என் குரல் எட்டியது. நீ போட்டாய்.

ஆஸ்பத்திரியில் நீ அழுதுகொண்டே, மாமா போடுன்னு சொன்னாரு என்றாய். உன் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். சத்தியமாக அப்போது எனக்கு நினைவில்லை. இரண்டு நாள் கழித்து நர்ஸ் வந்து, ஐயா ஊசி போடட்டுமா என்று கேட்டார். "போடு" என்று வாயெடுத்தேன். அத்தனையும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அன்று சாயங்காலம்தான் நீ பையைத் தூக்கிக்கொண்டு, போயிட்டு வரேன் மாமா என்று கட்டில் பக்கத்தில் வந்து நின்றாய். அப்போதே சொல்லியிருக்கலாம். நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டேன்.

சொன்னால் "டீ போடட்டுமா" என்று கேட்டது யார் என்று வரும், அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். பதட்டத்தில் அவளுக்கு அந்தக் கேள்வியே மறந்துபோயிருந்தது. நீ ஆண்பிள்ளை, தாங்கிக்கொள்வாய் என்று நானாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இது பாதி உண்மைதான். எல்லோரும் உன்னைத் திட்டினார்கள், என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்றார்கள். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இது மீதிப் பாதி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, ஒன்றரை வருஷம் அப்படித்தான் நடந்திருக்கிறது. எழுதவே கை கூசுகிறது.

நேற்று மத்தியானம் உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவள், இந்த முறை போகவில்லை. கையில் இருந்த சட்டையை மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள். நான்தானே கேட்டேன் என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் அவள் திட்டிய திட்டு இந்தத் தாளில் அடங்காது. கூடப்பிறந்தவனை எனக்கே ஆகாதவனா ஆக்கிட்டீங்களே என்று கேட்டாள். இன்று காலை நான் பேனாவை எடுத்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அவன் காது நல்லாத்தான் இருக்குன்னு எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன் மாப்பிள்ளை. உன் காது நல்ல காது. நீ கேட்டது சரி, செய்ததும் சரி.

இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். சொந்தக்காரர் யார் எது சொன்னாலும் எடுத்துக் காட்டு. மன்னிப்பு என்று தாளில் எழுதி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, அதை நேரில்தான் கேட்க வேண்டும். சேர்த்த பணத்தில் ஒரு டிக்கெட் எடு. பட்டறையில் மறுபடி நிற்பதும் நிற்காததும் உன் இஷ்டம், அதற்காகக் கூப்பிடவில்லை. உன் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஸ்பேனரும் வேண்டாம், வேறு எதுவும் வேண்டாம். வெறுங்கையோடு வா.

இப்படிக்கு,
"போடு" என்று சொன்னவன்,
உன் மாமா.