ஐயாவுக்கு வந்தது கொதியல்ல

என் அன்பு ஐயா,

உங்கள் கொதி எனக்கும் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். பெற்ற தகப்பனிடம் காணியும் கிணறும் சீதனமாக வாங்கியவளுக்கு இதுவும் சேர்ந்து வந்திருக்கிறது, வேறென்ன. நீங்கள் கண்மூடிய பிறகு வீட்டில் எத்தனையோ நடந்தது. இதைப்போல ஒன்றும் என்னை உலுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கரவெட்டியில் உங்களைக் கொதியர் என்றுதான் சொல்வார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். கோபத்துக்கு எங்கள் ஊரில் அதுதானே பெயர். வேலிப் பிரச்சினையில் பக்கத்து வீட்டாரோடு கதைத்துக்கொண்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் கறிக்கு உப்புக் கூடிவிட்டதென்று அம்மாவோடு. பாதிச் சொல்லில் வாய் மூடிவிடும். எழும்பிக் கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி தண்ணீர் அள்ளி, முகத்தை அதற்குள் அமிழ்த்துவீர்கள். திரும்பி வரும்போது தலைமயிரால் தண்ணீர் சொட்டும். ஒன்றும் பேசமாட்டீர்கள். "கொப்பருக்குக் கொதி வந்திட்டுது, ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ" என்று அம்மா எங்களைக் குசினிக்குள் இழுத்துக்கொள்வார்.

என் கலியாணத்தன்று நீங்கள் செய்த வேலையை மறக்க முடியுமா? தாரை வார்க்க ஐயர் கூப்பிடுகிறார், பெண்ணின் தகப்பனைக் காணவில்லை. மாப்பிள்ளையின் மாமா பதறியடித்துக் கிணற்றடிக்கு ஓடிப்போய், "என்ன குறை எண்டாலும் சொல்லுங்கோ, நாங்கள் செய்யிறம்" என்று உங்கள் கையைப் பிடித்தாராம். "ஒரு குறையும் இல்லை, வாங்கோ" என்று சொல்லிவிட்டு, நனைந்த சால்வையோடு வந்து என்னைத் தாரை வார்த்தீர்கள். படத்திலும் அப்படியே நனைந்துபோய் நிற்கிறீர்கள். அது என்ன குறை என்று அவர்கள் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இது தொடங்கியது நெல்லியடியில், என் தையல்கடையில். சட்டைத்துணி வெட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் ஒரு தவளை பாய்ந்ததுபோல இருந்தது. அடுத்த நொடி இதயம் கடகடவென்று ஓடத் தொடங்கிவிட்டது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டேன். கொஞ்சநேரத்தில் தானாகவே நின்றது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினால், ஈ.சி.ஜி. நல்ல பிள்ளையாக எல்லாம் சரி என்றது. யோசனை கூடிவிட்டது, நன்றாக நித்திரை கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அது வரும்போது கதையைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். பயம், ஐயா. சொல்லமுடியாத பயம். ஒருநாள் வெளியே உங்கள் பேத்தி துளசி தன் தகப்பனிடம் சொன்னது காதில் விழுந்தது: "அப்பா, இப்ப உள்ளுக்குப் போகாதேங்கோ. அம்மப்பாவின்ரை கொதி அம்மாவுக்கும் வந்திட்டுது."

எனக்கு அவளில் ஒரு துளி கோபமும் இல்லை. கட்டிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். என் பிள்ளை என்னைக் கண்டு ஒதுங்கத் தொடங்கிவிட்டாள். நெஞ்சு ஓடியதைவிட அதுதான் என்னைக் கொன்றது.

போன மாதம் ஒருநாள் அது நிற்கவே இல்லை. உங்கள் மருமகன் என்னை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினார். நெஞ்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். கள்ளனைக் கையோடு பிடித்தவர்போல அந்த இளம் டொக்டருக்கு முகமெல்லாம் சந்தோசம்.

"பிடிச்சிட்டம் அன்ரி! இதயத்துக்குள்ளை கரண்ட் போற பாதையிலை உங்களுக்கு ஒரு குச்சொழுங்கை கூடுதலா இருக்கு. பெரிய றோட்டாலை போகவேண்டிய கரண்ட் அதுக்குள்ளை பூந்து சுத்திச் சுத்தி ஓடுது."

முதலில் ஒரு சிரிஞ்சைத் தந்து அதற்குள் ஊதச் சொன்னார். நிற்கவில்லை. பிறகு ஒரு பேசினில் ஐஸ் தண்ணீர் வந்தது. "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு முகத்தை இதுக்குள்ளை வையுங்கோ" என்றார். வைத்தேன். ஒரு பெரிய துடிப்பு. பிறகு அப்படியே அடங்கிவிட்டது. தலையை நிமிர்த்தினேன், மயிரால் தண்ணீர் சொட்டியது. நான் கேவிக் கேவி அழுதேன், ஐயா.

"என்ன அன்ரி, நோகுதோ?"

"இல்லைப் பிள்ளை. எங்கடை ஐயாவும் இப்பிடித்தான் செய்யிறவர்."

உங்களைப் பற்றி எல்லாம் சொன்னேன். "இதுவா இருந்திருக்கலாம். இப்ப உறுதியாச் சொல்லேலாது அன்ரி" என்றார். அவருக்கு உறுதியில்லை, எனக்கு உறுதிதான்.

ஏன் ஐயா ஒருவரிடமும் சொல்லவில்லை? ஷெல் விழுந்த நாட்களில் எங்களை அணைத்துக்கொண்டு பங்கருக்குள் இருந்தீர்களே, அங்கே கிணறு இல்லையே. அப்போது வந்திருந்தால் என்ன செய்தீர்கள்? நாங்கள் பயப்படுவோம் என்றா, கொதியர் என்ற பெயரையே வைத்துக்கொண்டீர்கள்?

என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். நேரத்துக்குக் குளிசை போடுகிறேன். தேத்தண்ணியைக் குறைத்துவிட்டேன், அதுதான் பெரிய துக்கம். அது வந்தால் டொக்டர் சொல்லித்தந்தபடி படுத்துச் சிரிஞ்சில் ஊதுகிறேன், பிரிஜ்ஜில் ஐஸும் இருக்கிறது. நிற்காவிட்டாலோ, தலைசுற்றினாலோ, நெஞ்சு நொந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டுமாம். தனியாகக் கிணற்றடிக்குப் போகவே கூடாதாம். கொழும்பில் தொடையால் ஒரு வயர் விட்டு அந்த ஒழுங்கையை அடைக்கலாம் என்கிறார்கள். அதற்கும் என் பெயரைப் பதிந்திருக்கிறேன்.

துளசிக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். "அப்ப உங்களுக்கு உண்மையாக் கொதி வந்தா நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள்.

"அது உனக்குக் கேக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

அம்மாவிடம் போய்ச் சொல்லத்தான் கால் வரவில்லை. முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து சொன்னேன். கடைசிவரை கேட்டார். இலை ஆய்ந்த கை நின்றுவிட்டது.

"அப்ப, அவர் என்னோடை கோவிச்சுக்கொண்டு கிணத்தடிக்குப் போகேல்லையோ?"

"இல்லையம்மா. அவருக்கு நெஞ்சு ஓடியிருக்கு."

"நான் என்னவோ பிழை விடுறன் எண்டெல்லோ பிள்ளை இவ்வளவு காலமும் நினைச்சனான். அவர் திரும்பி வந்தாலும் ரெண்டு நாளைக்கு நானும் கதைக்கமாட்டன்." இலைகளை மடியில் இருந்து மெல்ல எடுத்துச் சுளகில் போட்டார். "தெரிஞ்சிருந்தால் தலை துடைக்க ஒரு துவாயெண்டாலும் கொண்டுபோய்க் குடுத்திருப்பன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு இருவரும் அழுதோம். உங்களில் கோபப்பட்டும் அழுதோம், ஐயா, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம் நீங்கள்.

நான் சொல்லுவேன். இனி நெஞ்சு ஓடினால் வாய்மூடி எழும்பிப் போகமாட்டேன். வாய் வராவிட்டால் கையால் நெஞ்சைத் தொட்டாவது காட்டுவேன். நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் தேடி, என் வீட்டில் ஒருவரும் தங்களில் பிழை பிடிக்க விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் நெஞ்சோடு பிறந்த மூத்த மகள்,
வசந்தி