ஒரே உடல்

மார்ச் 4, 08:10

நிலவின் மறுபக்கம், அகழித் தளம். காற்றழுத்தம் சரி. தண்ணீர்ச் சுத்திகரிப்பு சரி. கீரைத் தட்டுகளில் இரண்டாவது மட்டும் வாட்டம்.

தளத்தில் இருவர். பொறியாளர் ஸ்டான்லி, வயது 41, நாகர்கோவில்காரர். மருத்துவர் நான், இசக்கியம்மாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள். இதை யார் படிப்பீர்கள் என்று தெரியாது. பேசுவதைவிட எழுதுவது எனக்கு எளிது.

ஸ்டான்லி அண்ணன் காலை உணவைப் பாதியில் வைத்துவிட்டார். தொப்புளைச் சுற்றி வலியாம். "நேத்து தின்ன அந்தப் பாக்கெட் புட்டு சதிச்சிட்டு மக்ளே. ஓமத்தண்ணி இருந்தா தா."

ஓமத்தண்ணீர் இல்லை. காய்ச்சல் இல்லை. கவனிக்கிறேன்.

மார்ச் 4, 19:40

இப்போது காய்ச்சல். வலி வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. குடல்வால் வீக்கம் என்று நினைக்கிறேன். அவர் கை வைத்துக் காட்டும் இடம் பாடத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் மேலே. வலி பரவியிருக்கலாம். கிருமிக்கொல்லி ஊசி தொடங்கினேன்.

பூமிக்குத் தகவல் போனது. அவரிடமிருந்து ஒரே கோரிக்கை: "வீட்டுல இப்போ சொல்லண்டாம். அவ பேடிப்பா." மனைவி பயந்துவிடுவாராம்.

மார்ச் 5, 11:00

பூமியிலிருந்து, என் கல்லூரியின் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியை குமுதவல்லி மேடம்: "இசக்கி, மருந்துல அடங்குதான்னு பார்ப்போம். அடங்கலைன்னா நீதாம்மா பண்ணணும். மீட்புக் கலம் அங்க வந்து சேர ஒம்பது நாள் ஆகும்கறாங்க. பயப்படாதே. இதுல உன் மார்க்கை இதுவரைக்கும் யாரும் தாண்டலை."

உண்மைதான். இருநூறுக்கு மேல் குடல்வால் எடுத்திருக்கிறேன். எல்லாம் மெய்நிகர் கண்ணாடிக்குள். எங்கள் கல்லூரியில் பிரேதம் அறுத்துப் பழகும் அறை கிடையாது. கண்ணாடியும் கையுறையும் போட்டால் கத்தியின் கனம் தெரியும், தோலின் இழுவை தெரியும், சூடுகூடத் தெரியும். உயிருள்ளவர்களுக்கு ஊசி போட்டிருக்கிறேன். கத்தி வைத்ததில்லை.

மார்ச் 6, 10:25

காய்ச்சல் இறங்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் பயிற்சி செய்தேன். கல்லூரியில் வாரத்துக்கு ஒரு நோயாளிதான் தருவார்கள்; இன்று நான்கு பேரை அடுத்தடுத்து அறுத்தேன். வயதான அம்மாள், பள்ளிப் பையன், லாரி ஓட்டுநர், கர்ப்பிணி.

பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு ரத்தக் குழாய் கவட்டைபோல் பிரிகிறது. இடது கிளை கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அம்மாளுக்கு அப்படி. பையனுக்கும் அதே முறுக்கு. ஓட்டுநருக்கும். கர்ப்பிணிக்கும்.

இன்னும் ஆறு பேரைத் திறந்து பார்த்தேன். அதே முறுக்கு.

மார்ச் 6, 13:50

மேடத்திடம் கேட்டேன்.

"நீ பார்த்தது சரிதாம்மா. ஸ்கேன் பண்ணினது ஒரே ஒரு ஆளைத்தான். மத்ததெல்லாம் அதே உடம்புக்குத் தோலும் முகமும் மாத்தினது. அடுத்த பட்ஜெட்ல அம்பது உடம்பு வாங்கறதா இருந்தது. ஒண்ணை நல்லாப் பழகினா மிச்சத்தைச் சமாளிச்சுடுவாங்கன்னு நாங்களும்... கேட்குதா? நான் கூடவே இருந்து வழி சொல்றேன்."

அண்ணனிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன். சிரிக்க முயன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஒருத்தன் பாவமில்லா மக்ளே. ஒருத்தனையே இருநூறு தடவ கிழிச்சிருக்கியே."

மார்ச் 7, 12:15

வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. நாடி 130. இனிக் காத்திருக்க முடியாது. முதுகில் மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை, விழித்திருக்கிறார். கேமரா வழியாக மேடம் பார்க்கிறார். இனி நான் வாயால் சொல்வதைக் கருவி எழுதும்.

மார்ச் 7, 12:52

திறந்துவிட்டேன். ரத்தம் நான் பழகியதைவிட வழுக்குகிறது.

குடல்வால் இங்கே இல்லை. பெருங்குடலின் தொடக்கமே இங்கே இல்லை.

ஸ்டான்லி: "என்னத்தப் போட்டு இப்பிடித் தேடுத? வீட்டுச் சாவியத் தொலச்சவ மாதிரி."

மேடம்: "மேல போம்மா. சிலருக்குக் குடல் கீழே இறங்காமலே நின்னுடும். வெட்டைப் பெரிசாக்கு, அவசரப்படாதே."

பெரிதாக்குகிறேன்.

மார்ச் 7, 13:09

என் தவறு. பதிவாகட்டும். குடலை விடுவிக்க விரல் தானாக உள்பக்கம் நுழைந்தது. இருநூறு முறையும் அங்கே வெறும் சவ்வு. இவருக்கு அங்கே குழாய். பெரியது. கிழிந்துவிட்டது.

மேடம்: "அழுத்து. துணியை வச்சு அழுத்து. எடுக்காதே, எடுத்துப் பார்க்காதே."

அழுத்துகிறேன். துணி நிறைகிறது. இன்னொன்று. எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. இந்த இடமே எனக்குத் தெரியாது மேடம், இந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை.

ஸ்டான்லி: "குளுருது மக்ளே. அந்த ஹீட்டரக் கொஞ்சம்..."

மேடம்: "இசக்கி, அவர்கிட்டப் பேசு. பேசிக்கிட்டே இரு."

எனக்குப் பேச வரவில்லை.

மார்ச் 7, 13:31

பொறியாளர் ஸ்டான்லி இறந்தார்.

மார்ச் 8, 09:00

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி.

குமுதவல்லி மேடம்: "சாப்பிட்டியாம்மா? ஏதாவது சாப்பிடு. இதைக் கேட்கவே எனக்கு நாக்கு கூசுது. காலேஜ் கமிட்டியில கேட்கச் சொன்னாங்க. ஆபரேஷன் கேமரால அவர் உடம்புக்குள்ள முழுசாப் பதிவு பண்ணி அனுப்ப முடியுமா? அந்த மாதிரி அமைப்பு இருக்கற உடம்பு நம்மகிட்ட இல்லை. அவர் வீட்டுல சம்மதிச்சுட்டாங்க. கட்டாயம் இல்லைம்மா. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு."

யாரிடமும் நான் முடியாது என்று சொன்னதில்லை.

மார்ச் 8, 15:20

பதிவு செய்தேன். குடல்வால் கல்லீரலுக்கு அடியில் இருந்தது. வெடித்திருந்தது. நான் கத்தி வைத்த இடத்திலிருந்து ஒரு சாண்கூட இல்லை.

தைத்து, முகத்தைத் துடைத்து, குளிர் அறையில் வைத்தேன். நிலவில் இவ்வளவு எளிதாக ஒரு மனிதரைத் தூக்கலாம் என்று எனக்குத் தெரியாது. கனமே இல்லை.

மார்ச் 11, 10:00

கீரைக்குத் தண்ணீர் விடவில்லை.

மேடம்: "ரொம்பத் தெளிவா வந்திருக்கும்மா. இந்த வருஷமே பாடத்துல சேர்த்துட்டாங்க. முகம் மாத்தியாச்சு, யாருக்கும் அடையாளம் தெரியாது. உன் கண்ணாடிக்கும் தானா வந்திருக்கும். நீ அதைத் திறக்காதே. கேட்குதா இசக்கி? கலம் வரட்டும். அதுவரைக்கும் திறக்காதே."

மார்ச் 11, 10:40

திறந்தேன். பட்டியலில் புதிய நோயாளி. ஆண், 41. முகம் யாருடையதோ. உள்ளே அவர்.

இந்த முறை மேலே வெட்டினேன். குழாயைத் தொடவில்லை. குடல்வால் உடனே கிடைத்தது. எடுத்தேன். தைத்தேன். நோயாளி கண் திறந்து "நன்றி டாக்டர்" என்றார். குரல் மட்டும் எல்லா நோயாளிகளுக்கும் வரும் அதே குரல்.

மார்ச் 11, 11:30

மறுபடி செய்தேன். பிழைத்தார்.

மார்ச் 11

மறுபடி. பிழைத்தார்.

மார்ச்

பிழைத்தார்.

மேடம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இதைக் கருவி எழுதிக்கொள்கிறது; அவருக்குப் பதில் சொல்லக் கையுறையைக் கழற்றிப் பொத்தானை அழுத்த வேண்டும். இவர் வயிறு திறந்திருக்கிறது. இப்படியே விட்டுவிட்டு நான் எப்படி