சீர்த்தட்டில் ஒரு லென்ஸ்

ஜூலை 20, ஞாயிறு

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னதுதான். இசக்கிசெல்வி உட்கார்ந்து கணக்கு எழுதுகிற ஜாதகம் இல்லை, ஒருநாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள் என்று அவள் பிறந்த மூன்றாம் நாளே என் தங்கை பொன்மணியிடம் சொன்னேன். பொன்மணிக்கு ஞாபகம் இல்லையாம். எப்படி இருக்கும், பாதி மயக்கத்தில் கிடந்தாள்.

இன்று காலையில் ஆலுவாவிலிருந்து செல்வி போன் பண்ணினாள். எர்ணாகுளத்துத் துணிக்கடை ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாளாம். கூட்டுக்காரி ஒருத்தி குறைந்த விலைக்குக் கொடுத்த மிரர்லெஸ் கேமரா இருக்கிறது, லென்ஸ் இல்லை. இனி கல்யாண வீடியோதான் தொழில். பொன்மணி கெடு வைத்திருக்கிறாள்: ஓணத்துக்குள் உருப்படியாக ஒரு வீடியோ எடுத்துக் காட்டு, இல்லாவிட்டால் கேமராவை விற்றுவிட்டுப் பழைய வேலைக்கே போ.

"மாமா, ஒரு லென்ஸுக்குத்தான் வழி இருக்கு. ரூமும் அதுலயே எடுக்கணும், முகமும் அதுலயே எடுக்கணும். உங்களுக்குத்தான் தெரியும், நீங்க சொல்லுங்க."

இப்படிக் கேட்க அவளுக்குத் தோன்றியதே, அதுதான் ரத்தம். அதற்கு ஸ்டாண்டர்ட் ஜூம் என்று பேர், நீ கவலையே படாதே என்றேன். அந்தப் பேரை அவள்தான் முதலில் சொன்னாள். ஆனால் நான் சொன்ன மாதிரி அழுத்தமாக அவளுக்குச் சொல்ல வரவில்லை.

போனை வைத்த பிறகு இந்த அறையில் மழைச் சத்தம் மட்டும்தான். கர்க்கடக மாதம், நம்மூர் ஆடி. கல்யாணம் கிடையாது, நாற்காலி வாடகைக் கடையில் எனக்கு வேலையும் கிடையாது. வியாழக்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் வாயைத் திறந்து பேசியிருக்கிறேன் போல.

ஜூலை 22, செவ்வாய்

தாவூதுக்காவைப் பார்க்கப் போனேன்; இங்கே அண்ணனை இக்கா என்பார்கள். அவருடைய ஸ்டூடியோவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். மட்டாஞ்சேரியில் அந்தக் காலத்தில் எடுத்த கல்யாண வீடியோ எதைப் போட்டாலும் அதில் தெரிவது என் வெளிச்சம். ஆயிரம் வாட் லைட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பிரியாணி சாப்பிட்டவன் நான். கேமராவைத் தொட்டதில்லை என்பது வேறு விஷயம். கேமரா வெறும் பெட்டி. வெளிச்சம் இல்லாவிட்டால் பெட்டிக்குள் இருட்டுத்தான் இருக்கும்.

அவருடைய பேத்தி பௌசியாவுக்கு ஆகஸ்ட் இருபத்துநாலாம் தேதி வளையிடல். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணுக்கு வளையல் போடுகிற சடங்கு. உள்ளறையில் ஆண்களுக்கு இடமில்லை, அதனால் வீடியோ எடுக்கப் பெண் ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் வாதாடி செல்விக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன். (சாயா ஆறுவதற்குள் சரி என்றுவிட்டார். இருந்தாலும் வாதாட நான் தயாராகத்தான் போயிருந்தேன்.)

கிளம்பும்போது, "எடா ராசப்பா, அந்தக் குட்டி நல்லாச் செய்யும். நீ நடுவுல கேறிக் கெடுக்காம இருந்தா போதும்" என்றார். வயசாகிவிட்டது மனுஷனுக்கு.

ஜூலை 25, வெள்ளி

மழை. மீன்காரர்கூட வரவில்லை.

ஜூலை 31, வியாழன்

வாங்கியாகிவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போவதாகத்தான் பேச்சு. ஆனால் எனக்கு வேறு யோசனை இருந்தது. மட்டாஞ்சேரியிலிருந்து போட்டில் போய் எர்ணாகுளத்தில் இறங்கி, பிராட்வே கடைத்தெருவைத் தாண்டி, நானே தனியாகக் கேமரா கடைக்குப் போனேன். அங்கே ஸ்ரீநாத் என்று ஒரு பையன், கண்ணாடி போட்டவன், விவரமானவன். ஸ்டாண்டர்ட் ஜூம் காட்டு என்றேன். ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கா, கிராப் கேமராவுக்கா என்று கேட்டான். படம் விழுகிற தகடு கேமராவுக்குள் பெரிதாக இருந்தால் ஃபுல், சிறிதாக இருந்தால் கிராப். செல்வி என்னிடம் போனில் ஃபுல் என்றுதான் சொல்லியிருந்தாள். ஃபுல் என்றேன். உடனே அவன் உட்கார்ந்த தோரணையே மாறிவிட்டது.

மேஜையில் மூன்று லென்ஸ் வைத்தான். ஒன்று இருபத்துநாலில் தொடங்கி நூற்றைந்து வரைக்கும் போகிறது; எண் சின்னதானால் அறை அகலமாக விழும், பெரிதானால் முகம் கிட்டே வரும். தூரத்தில் நிற்பவர் முகத்தையும் இழுத்துக்கொண்டு வரும், ஆனால் வெளிச்சம் குறைவாக எடுக்கும். இன்னொன்று இருபத்துநாலு எழுபது, இரண்டு புள்ளி எட்டு. அந்தப் புள்ளிக் கணக்கில் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் என்று அவன் விளக்க ஆரம்பித்தான். தம்பி, வெளிச்சத்தைப் பற்றி எனக்கா, என்றேன். உள்ளறையில் பெண்கள் முகத்தில் லைட் அடித்தால் கண் கூசும், வேர்க்கும், மை கரையும். எத்தனை கல்யாணப் பெண்கள் என்னை முறைத்திருக்கிறார்கள். லைட்டே இல்லாமல் எடுக்கிற லென்ஸ்தான் வேண்டும். ஸ்ரீநாத் தலையை ஆட்டினான். கடையில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். (மூன்று பேர்.)

மூன்றாவது கிராப்புக்கானது, பதினேழில் தொடங்குவது. சும்மா பார்க்க வைத்தான். பிளாஸ்டிக். தேங்காய் மூடி அளவுகூட இல்லை. தட்டில் வைத்தால் வெற்றிலைக்கு அடியில் காணாமல் போய்விடும்.

இருபத்துநாலு எழுபதையே எடுத்தேன். கையில் வாங்கினால் அரிசிப் படி மாதிரி கனம். எனக்கு விழுந்த குறிச்சீட்டுப் பணம் இதற்குத்தான் விழுந்திருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

என் யோசனை இதுதான். செல்வி பெரியவளானபோது தாய்மாமன் சீர் நான் செய்யவில்லை. திருச்சூரில் பெரிய இடத்துக் கல்யாணம், என்னை விடமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினேன். தட்டு இல்லாமலேதான் அவளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பதிமூன்று வருஷம் ஆகிவிட்டது, பொன்மணி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியாவது முடித்திருப்பேன்.

இன்று ஒரு தாம்பாளம், வெற்றிலை பாக்கு, ஏழு வகைப் பழம் (நாலு), நடுவில் லென்ஸ். டப்பாவின் நாலு மூலையிலும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தேன். திறந்து லென்ஸின் மூடியிலும் ஒரு பொட்டு. ஆலுவா ஸ்டேஷனிலிருந்து தட்டைத் தலைக்கு மேல் ஏந்தி நடந்தேன். ஆட்டோக்காரர்கள் வழிவிட்டு நின்றார்கள்.

பொன்மணி தட்டைப் பார்த்ததும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எதுக்குண்ணே இதெல்லாம்" என்றாள். அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று.

செல்வி லென்ஸைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தாள். அதில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். மறுபடியும் அதையே பார்த்தாள். சந்தோஷத்தில் சில பேருக்கு அப்படி ஆகும். பிறகு, "பில்லு இருக்கா மாமா?" என்று கேட்டாள். சீருக்கு யாராவது பில் கேட்பார்களா என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனாலும் கேட்டாளே என்று சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் அங்கேயே சாப்பாடு. மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். மூன்று இலை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஸ்ரீநாத் கூப்பிட்டான். செல்வி கடைக்கு வந்திருந்தாளாம், லென்ஸை மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாளாம். டப்பாவெல்லாம் சந்தனமும் குங்குமமுமாக இருக்கிறது, மூடியின் வரிகளுக்குள்ளும் இறங்கியிருக்கிறது, கம்பெனி இதைத் திரும்ப எடுக்காது சேட்டா என்று அவன் வருத்தப்பட்டான். என் நம்பரை அவள் தரவில்லை, அவனாகத்தான் பில்லில் பார்த்துப் பேசினானாம்.

எதற்காக மாற்ற வேண்டும்? நிறம் பிடிக்கவில்லையோ. இந்தக் காலத்துப் பெண்கள்.

போன் பண்ணலாம் என்று எடுத்தேன். பிறகு பண்ணலாம் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தாவூதுக்கா வீட்டு வளையிடல். நடந்ததை எழுதுகிறேன்.

உள்ளறை பத்துக்குப் பத்து இருக்கும். முப்பது பெண்கள். நாங்கள் ஆண்கள் வெளியே தார்ப்பாய்க்கு அடியில் இருந்தோம். நான் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன். செல்வி சுவரோடு முதுகை ஒட்டிவைத்து நிற்கிறாள். பின்னால் போக இடமில்லை. சுவரில் இன்னும் ஒட்டுகிறாள், அலமாரி மேல் ஏறுகிறாள், அப்போதும் அறை படத்துக்குள் அடங்கவில்லை. வெளியே ஓடிவந்து மழையில் நனைந்துகொண்டு ஜன்னல் கம்பி வழியாக எடுத்தாள். நான் குடை பிடித்தேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்து தாவூதுக்கா அவளுடைய கேமராவை வாங்கித் திண்ணையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். பௌசியா இருக்கிறாள், வளையல் போடுகிற கை இருக்கிறது, கைக்குச் சொந்தக்காரியான மாமியார் இல்லை. அடுத்ததில் மாமியார் இருக்கிறாள், பௌசியாவின் பாதி முகம் இல்லை. அறை முழுக்க, எல்லாரும் சேர்ந்து, ஒரு காட்சிகூட இல்லை.

"வெளிச்சம் நல்லா இருக்கு," என்றார். பிறகு கேமராவைத் திருப்பிப் பார்த்தார். "இது கிராப்பு அல்லே? கிராப்புல இருபத்துநால மாட்டினா முப்பத்தாறு போல இழுத்துக்காட்டுமே, அறை முழுசும் விழாதே. இத வாங்கினது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஃபுல் என்று செல்விதான் சொன்னாள் என்றேன். சின்னப் பெண், தெரியாமல் சொல்லிவிட்டாள், விடுங்கள் இக்கா என்று பெரிய மனசோடு பேசினேன்.

செல்வி லென்ஸைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வேறு யாராவது நாலு சேர்த்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று பொன்மணிக்குப் போன் பண்ணினேன். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு தவறு பார்த்ததில்லை, கேமரா வாங்கியவளுக்கே அது என்ன கேமரா என்று தெரியவில்லை என்றேன். கொஞ்சம் கூடப் பேசிவிட்டேனோ? பேச ஆரம்பித்தால் எனக்கு நிற்காது.

பொன்மணி போனை ஸ்பீக்கரில் போட்டு செல்வியைக் கூப்பிட்டாள். மாமா சொல்றது நிஜமா, நீயா மாத்திச் சொன்ன என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம். அது நின்றது.

"ஆமாம்மா. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். மாமா மேல தப்பில்ல."

அவ்வளவுதான். அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள். பார்த்தாயா, நான் சொன்னதுதான் சரி.

மத்தியானம் கஞ்சி வைத்தேன். அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஏன் அப்படிச் சொன்னாள்?

ஆகஸ்ட் 30, சனி

ஓணம் நெருங்கிவிட்டது. கிளப்புக்கு நூறு, பள்ளிக்கு இருநூறு என்று நாற்காலி ஏற்றி இறக்குகிற வேலை. தாவூதுக்கா வழியில் பார்த்தும் நிற்கவில்லை. அவசரமாக இருந்திருக்கும். அவருடைய வண்டியில் பிரேக் சரியில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறார். இல்லை, சொன்னதில்லை.

செல்வியிடமிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை. இரண்டு முறை அவள் பேரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

செப்டம்பர் 3, புதன்

இன்றைக்கு எதையும் சேர்க்காமல் எழுத வேண்டும்.

பொன்மணி பேசினாள். செல்வி பழைய ஆபீஸுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாளாம். ஓணம் கழிந்து திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். கேமராவைப் பார்க்க நாளைக்கு ஆள் வருகிறது. "நீங்க அவ்வளவு பெரிய சீர் செஞ்சும் இவ கெடுத்துக்கிட்டாளே அண்ணே" என்று அழுதாள். அந்த அண்ணேவைக் கேட்க முடியவில்லை. பஸ் வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அறைக்குள்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை இருபதாம் தேதி போன் பேசி முடித்ததும் செல்வி வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. அது இப்படி: "மாமா, மறந்துராதீங்க, நம்ம கேமரா கிராப்பு. இருபத்துநாலு வேண்டாம், பதினாறு பதினேழுல தொடங்குறதுதான் வேணும். கொழப்பமில்ல, ஆகஸ்ட் மொத ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் சேந்தே போலாம். சாப்டீங்களா?"

எனக்கு மனப்பாடம். அந்த மழை நாட்களில் தினமும் போட்டுக் கேட்டேன். முதலில் வருகிற மாமாவுக்காகவும் கடைசியில் வருகிற சாப்டீங்களாவுக்காகவும். நடுவில் இருப்பது தெரியாமலா இருக்கும்.

கடையில் ஸ்ரீநாத் கேட்டபோது கிராப் என்ற சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அந்தச் சின்ன பிளாஸ்டிக்கை எப்படித் தாம்பாளத்தில் வைப்பேன்? பதிமூன்று வருஷம் கழித்துப் போகிறேன். ஃபுல் என்றேன். நாற்காலி போட்டான், சாயா வரவழைத்தான். எனக்கென்று ஒருவர் சாயா வரவழைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

சாயங்காலம் பொன்மணியிடம் சொல்லிவிடலாம் என்று மறுபடி போனை எடுத்தேன். என் வாயால் சொன்னால் நடுவில் எங்கேயாவது நான் நல்லவனாகிவிடுவேன். அதனால் பேசவில்லை. அந்தக் குரல் பதிவை அப்படியே பொன்மணிக்கு அனுப்பினேன். இது ஜூலை இருபதில் வந்தது, கேமராவை விற்க வேண்டாம் என்று கீழே ஒரு வரி தட்டினேன்.

இரண்டு கோடும் நீலமாகிவிட்டது. கேட்டிருப்பாள். பதில் வரவில்லை.

ஜூலை முப்பத்தொன்றில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். கிழிக்கவில்லை, இருக்கட்டும். ஃபுல் என்று செல்வி என்னிடம் சொல்லவே இல்லை.