மண்ணுக்கு அடியில் போன ரயில்

1947 கார்த்திகை, செவ்வாய். செஞ்சி.

சண்டை முடிந்தபின் ஜப்பானில் காவலுக்கு நின்ற நம் பட்டாளத்தில் இருந்தபோது டோக்கியோவில் பூமிக்கு அடியில் ரயிலில் போனதை இன்று சாப்பிடும்போது சொன்னேன். "இன்னாடா புளுகுற?" என்று நைனா சிரித்தார். தலைக்கு மேலே தெரு, அடியில் நாங்கள் என்று கையை ஆட்டி விளக்கினேன். மரகதம் பரிமாறுவதை நிறுத்திவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஊரில் இல்லாத சமயம் எங்கள் கிணற்றை வெட்டும்போது மண் சரிந்து செத்தவர் அவளைப் பெற்றவர், என் மாமனார்.

படுத்தபின் கேட்டாள். "உள்ள போனவங்க எல்லாரும் மேல வந்துட்டாங்களா?"

"வந்துட்டோம். இரும்புத் தூணா நட்டு முட்டு குடுத்திருக்காங்க."

அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"எங்க நைனாவும் முட்டு குடுக்க மரம் கேட்டாரு. உங்க நைனாதான் வேணாம்னுட்டாரு."

இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. விளக்கை ஏற்றிவைத்து உட்கார்ந்திருக்கிறேன். கூடத்தில் நைனாவின் குறட்டை கேட்கிறது.