முன்னேற்ற மதிப்பெண்

ஜூலை 8

கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். "கட்டாய உடற்பயிற்சி வகுப்பால பிள்ளைங்களுக்கு என்ன பிரயோஜனம்னு பருவம் முடியறதுக்குள்ள எழுதிக் குடுங்க மேடம். இல்லன்னா வகுப்பையே எடுத்துடலாம்ங்கிறாங்க நிர்வாகத்துல."

வகுப்பு போனால் என் வேலையும் போகும். பயந்திருக்க வேண்டும். சரி சார் என்றேன். வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து எதுவும் உறைப்பதில்லை.

ஜூலை 11

முதல் ஓட்டப் பரிசோதனை. பன்னிரண்டு நிமிடத்தில் ஓடும் தூரம். ஓடாமல் ஊர்வலம் போவதுபோல நடந்தார்கள். கடைசியில் வந்தவளைத் தோழிகள் 'தலைவி' என்கிறார்கள். சோம்பேறிகளுக்காம்.

ஆகஸ்ட் 20

விசில் ஊதினேன். ஓடினார்கள். மத்தியானம் சாப்பிட்டேனா?

அக்டோபர் 30

கடைசிப் பரிசோதனை. எல்லோரும் முன்னேற்றம். தலைவிகூட இரண்டு மடங்கு தூரம்! முதல்வருக்கு வாயெல்லாம் பல். வேலை தப்பியது. சந்தோஷப்பட வேண்டும் — ம்.

அக்டோபர் 31

தலைவியைப் பாராட்டினேன். சிரித்துவிட்டாள். "முதல் ஓட்டத்துல வேணும்னேதான் நடந்தோம் மேடம். முன்னேற்றத்துக்குத்தானே மார்க்கு? சீனியருங்க சொல்லிக் குடுத்தாங்க."

அந்த விதியைப் போட்டவள் நான். வேகமாக ஓடத் தெரியாத பிள்ளைகள் சோர்ந்துவிடக் கூடாதே என்று. வருஷா வருஷம் காதில் பூ சுற்றியிருக்கிறார்கள். கோபமாவது வந்ததா? அதுவும் இல்லை.

நவம்பர் 3

தங்கை போனில் கத்தினாள். "அக்கா, வாயை மூடிக்கிட்டு எழுதிக் குடு. உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்காத."

அவள் சொல்வதும் நியாயம்தான்.

நவம்பர் 4

முதல்வரிடம் சொல்லிவிட்டேன். இந்த அளவுகளை வைத்து வகுப்பு பயன்பட்டதா இல்லையா என்று எதுவும் சொல்ல முடியாது என்று.

"பொழைக்கத் தெரியாதவங்க மேடம் நீங்க" என்றார். நேர்மையெல்லாம் இல்லை. பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

டிசம்பர் 12

வகுப்பு இனி கட்டாயமில்லை. எனக்கு விடுதி அலுவலகத்தில் ஒரு நாற்காலி, கோடை வரைக்கும். அப்புறம்? தெரியாது.

ஜனவரி 6

மைதான அறைச் சாவியை ஒப்படைக்கப் போனேன். காலணி மாட்டிக்கொண்டு தலைவி நிற்கிறாள், தனியாக.

"மார்க்குதான் இல்லையேடி, எதுக்கு வந்தே?"

"ஓடினா நல்லா தூக்கம் வருது மேடம். இல்லன்னா வீட்டுல இருக்கிற சத்தத்துல தூங்கவே முடியாது. நீங்களும் வாங்களேன்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட ஓடினேன். பாதி மைதானம் போவதற்குள் மூச்சு வாங்கியது. அப்படியே உட்கார்ந்து, அய்யோ, என்ன அழுகை! அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாதவள்.

ஓடி வந்தாள். "என்ன மேடம், கால் பிசகிடுச்சா?"

ஆமாம் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, என் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.