பிளெத்தோரா என்று நான் எழுதியது

இன்று காலை ரியூசன் மாஸ்டர் ஒருவர் நாற்பது பிரதி எடுக்கச் சொல்லி ஒரு தாளைத் தந்துவிட்டுப் போனார். முதல் பிரதி சூட்டோடு வந்து விழுந்தது. அந்தச் சூடும் மை மணமும் உனக்குத் தெரியும். புதுக்குடியிருப்பில் என் போட்டோக்கொப்பிக் கடைக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று, பேக்கரியில் பாண் கேட்பதுபோல், "எடியே, இண்டைக்கு எத்தினை றாத்தல் பேப்பர் சுட்டனி?" என்று கேட்பாய். தாளில் பத்து ஆங்கிலச் சொற்கள். ஏழாவது, பிளெத்தோரா. பக்கத்தில் தமிழில் 'ஏராளம்'. கீழே ஓர் உதாரண வசனம்: சந்தையில் ஏராளமான மாம்பழங்கள் உள்ளன. மிச்ச முப்பத்தொன்பதும் விழுந்து முடியும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

அந்தச் சொல்லில் நம் இருவருக்கும் ஒரு கதை இருக்கிறது. அதில் பாதி உனக்குத் தெரியாது.

ஒரே வாங்கில் இருந்து படித்தோம். நீ இடையில் நிறுத்திக் கல்யாணம் கட்டிக் கரைப்பக்கம் போனாய். நான் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். மீளக் குடியேறிய பிறகு சனத்துக்கு விண்ணப்பம் எழுதுவதே என் பிழைப்பாகியது. வீட்டுத்திட்டத்துக்கு, வலைக்கு, கிணறு இறைக்க என்று எதற்கு எழுதினாலும் பிளெத்தோரா வரும். கறிக்கு உப்புப் போடுவதுபோல் போட்டேன். அதைக் கண்டால் படித்த ஆள் எழுதியது என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் மதிப்பார்களாம். அப்படி ஒரு நினைப்பு எனக்கு.

யுத்தத்தின் கடைசி நாட்களில், சனத்தோடு நடந்துவந்த வரிசையில் இருந்து உன் மூத்தவனை மட்டும் ஆமிக்காரர் பிரித்துக் கூட்டிப்போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள், விடவில்லை. உன் மனுசன் அதற்கு முன்பே கடலோடு போய்விட்டார். கையில் சின்னவள் மட்டும் மிஞ்சினாள். எத்தனை அலுவலகம், எத்தனை படிவம்! அவர்களிடம் படிவத்துக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

அன்றைக்கு நீ முதல் பஸ்ஸில் வந்தாய். வழக்கம்போல் எனக்கு இறால் கருவாடு ஒரு பொட்டலம். புதுப் படிவத்தில் 'அடையாள விபரம்' என்று ஆறு வரி விட்டிருந்தார்கள். நீ சொல்லத் தொடங்கினாய். வெள்ளைச் சட்டை. மேலிருந்து மூன்றாவது தெறி, அந்தப் பொத்தான், கழன்று, வெள்ளை நூல் இல்லாமல் பங்கர்க் குழிக்குள் இருந்து கறுப்பு நூலால் நீயே தைத்துவிட்டாய். சின்ன வயதில் தூண்டில் கிழித்து ஒரு காதுச் சோணையில் வெட்டு. நடக்கும்போது தலையைக் கொஞ்சம் சரிப்பான். தோளில் தங்கச்சியின் பள்ளிக்கூடப் பை. வீட்டுப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். அதனால் காட்ட உன்னிடம் ஒரு படம்கூட இல்லை. நீ சொல்லச் சொல்ல அவன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

வெளியே ஏழெட்டுப் பேர் காத்து நின்றார்கள். எனக்கு அலுப்பு. அதோடு தெறிக்கும் நூலுக்கும் ஆங்கிலத்தில் என்னத்தை எழுதுவது என்ற ஒரு இளக்காரமும் இருந்தது. இப்போது ஒளித்து என்ன? அந்த ஆறு வரியில் நான் ஒரே ஒரு வசனத்தை எழுதினேன். 'மகனை அடையாளம் காட்டக்கூடிய ஏராளமான விபரங்கள் தாயிடம் உள்ளன.' ஏராளத்துக்கு, பிளெத்தோரா.

வாசித்துக் காட்டச் சொன்னாய். காட்டினேன்.

"அந்தப் பெரிய சொல்லு என்னத்தைச் சொல்லுது?"

"நீ சொன்ன எல்லாத்தையும்தான்."

"எல்லாத்தையுமோ? கறுப்பு நூலையுமோ?"

"ஓமடி, எல்லாம் அதுக்குள்ளை இருக்கு."

ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் அடங்குமா என்று அதிசயப்பட்டு, படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாய். நானோ அந்த வசனத்தைக் கணினியில் சேமித்து வைத்தேன். உனக்குப் பிறகு வந்த தாய்மாருக்கும் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். வேலை சுகம் பார்.

உன்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வரும்போது நேரே கடைக்குத்தான் வந்தாய். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாய்: "விபரம் ஒண்டும் இல்லை எண்டு சொல்லுறாங்களடி. எல்லாம் எழுதிக் கிடக்கு, என்ர சிநேகிதி வடிவா எழுதினவா, வாசிச்சுப் பாருங்கோ எண்டனான். வாசிக்கேல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டிட்டாங்கள்." என் முன்னால் இருந்து அவர்களைத் திட்டினாய். எனக்காகவும் சேர்த்துத் திட்டினாய். அவர்கள் திட்டு வாங்கவேண்டியவர்கள்தான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர்கள் முன்னமே வாசித்துவிட்டுத்தான் விபரம் இல்லை என்றார்கள். நான்தான் எழுதவில்லை.

அந்த இரவே அகராதியை எடுத்துப் பார்த்தேன். வெறும் 'நிறைய' இல்லையாம். தேவைக்கு மிஞ்சி, அளவுக்கு மேலே கிடப்பது. உடம்பில் இரத்தம் கூடிப்போன நோய்க்கு அந்தக் காலத்து வைத்தியர்கள் வைத்த பெயராம். மாம்பழம் தேவைக்கு மிஞ்சலாம். ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்வதில் எது மிஞ்சியது? மிஞ்சியது என் கெட்டித்தனம் மட்டும்தான்.

சொல்லியிருக்கலாம். நீ இரண்டு அறை விட்டிருப்பாய், பிறகு புதிதாக ஒரு தாள் எடுக்கச் சொல்லியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. நீ எழும்பாமலே போன அந்தக் கடைசி வருத்தத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் மூன்று நாள் இருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எழுதினபடியாத்தான் எனக்கு ஒரு நிம்மதி" என்றாய். அதைக் கேட்டுக்கொண்டும் வாயைத் திறக்காமல் இருந்தவள் நான்.

போன திங்கட்கிழமை உன் சின்னவள் வந்தாள். உன் நடை. கையில் இன்னொரு புதுப் படிவம்.

"அன்ரி, அண்ணாவின்ரை விபரமெல்லாம் உங்களிட்டை எழுதிக் கிடக்கு, ஒண்டும் விடாமல் எழுதினவா எண்டு அம்மா சொன்னவா. எனக்கு அப்ப ஆறு வயசு. முகம்கூட வடிவா ஞாபகமில்லை."

"வெள்ளிக்கிழமை வா பிள்ளை, தேடி எடுத்து வைக்கிறன்" என்றேன். தேட என்ன இருக்கிறது? கணினியில் அந்த ஒரு வசனம் இருக்கிறது.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. மாஸ்டர் தன் நாற்பது பிரதியையும் வாங்கிப் போன பிறகு கடையைப் பாதி சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன். தமிழில்தான் எழுதினேன். வெள்ளைச் சட்டை. மூன்றாவது தெறி. கறுப்பு நூல். தங்கச்சியின் பை. தலை சரித்த நடை. ஆறு வரி போதாமல் தாள் ஒட்டி எழுதினேன். காதில் வந்ததும் பேனை நின்றுவிட்டது.

இடது காதா, வலது காதா?

அன்றைக்கு நீ சொன்னாய். உன் காதைத் தொட்டுக் காட்டியே சொன்னாய். உன் கை எழும்பியது நினைவிருக்கிறது, எந்தக் கை என்று நினைவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன், உன் கதிரையில் நானே இருந்தும் பார்த்தேன். வரவில்லை. இந்த உலகத்தில் அதை அறிந்திருந்த ஒரே ஆள் நீ. எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனாய்.

அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நாளைக்கு உன் மகள் வந்து, "இதென்ன அன்ரி, இதிலை ஒண்டும் எழுதேல்லை?" என்று கேட்பாள். உனக்குச் சொல்லாததை அவளுக்குச் சொல்லப்போகிறேன்.