வாசிக்காமல் வைத்த கையெழுத்து

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுத பின்.

அன்பு மகன் ஜுனைட்டுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ் போதுமானவன். இங்கு எங்களுக்கு உடம்பில் குறையில்லை, உம்மாவின் முழங்கால் வலியும் குறைந்துவிட்டது, தங்கச்சி ஆகிலாவின் கலியாணத்தை ஹஜ்ஜுப் பெருநாள் கழிய வைப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். போனில் கதைத்தால் உம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் இதை எழுதி, கட்டாருக்குத் திரும்பும் பாயிஸிடம் கொடுத்துவிடுகிறேன், தனியே இருந்து வாசி.

நம் தோணியில் ஒன்பது வருடம் கடலுக்கு வந்த கலந்தர், எஞ்சின் களவு போன வழக்கில் பதினாலு மாதமாக றிமாண்ட் சிறையில் கிடப்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அன்று நான் பொலிஸில் சொன்னது, சந்தேகம் என்றால் அவன்மேல்தான், முதல் நாள் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு போனான் என்பது மட்டும்தான். அந்த அதிகாரி எல்லாவற்றையும் சிங்களத்தில் எழுதிவிட்டு, தமிழ் தெரிந்தவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டவா என்று கேட்டார். கொழும்பில் பத்து வருடம் கடை நடத்தினவன், சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று ஊரெல்லாம் பீற்றித் திரிந்தவன், வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, தேவையில்லை என்று கையெழுத்தை வைத்தேன். ஓர் எழுத்துக்கூட எனக்கு விளங்காது மகன்.

மூன்று மாதத்துக்கு முன் நீதிமன்ற விறாந்தையில் கலந்தரின் சட்டத்தரணி நிலாந்தினி அந்த வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்தார். எஞ்சினத் தூக்கிக்கொண்டு போனத நீங்க கண்ணால கண்டதெண்டு இதில கிடக்கு, சரிதானே ஐயா என்று கேட்டார். நான் எங்கே கண்டேன்? அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பொய் சொன்ன குற்றத்துக்கு என்னைப் பிடிப்பார்கள், ஆகிலாவின் கலியாணம் குழம்பும் என்று பயந்து, ஓம் என்று தலையாட்டினேன். ஆதம்பாவா காக்காவே கண்டாராம் என்று ஊரில் ஒருவரும் அவனுக்குப் பிணை நிற்கவும் வரவில்லை. கைவிலங்கோடு போகும்போது அவன் எனக்கு ஸலாம் சொல்லி, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க காக்கா, என்னப் போல ஆரையோ கண்டிருப்பீங்க என்றான்.

அவன் எடுத்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் காணவில்லை, அது மட்டும் தெரியும். செவ்வாய்க்கிழமை வழக்கில் அதைச் சொல்லப் போகிறேன். நீ ஏசுவாய், ஏசு. என்னை உள்ளே போட்டால் உம்மாவைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளை வீட்டாரோடு நீயே கதை. அங்கே அரபியில் எந்தக் கடதாசியை நீட்டினாலும் ஆள் வைத்து வாசித்துவிட்டுக் கையெழுத்து வை, வெட்கப்படாதே.

தொழுகையைப் பிந்த விடாதே. உன் குடும்பத்துக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. உங்களுக்காக ஐந்து வேளையும் கையேந்துகிறேன். கலந்தருக்காகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கு நீ துஆக் கேள்.

உன் வாப்பா,
ஆதம்பாவா.